காற்றை அடைத்து விற்றவர்

சிறு வயதில் பிளாஸ்டிக் விமானத்தைப் பாகம் பாகமாக ஒட்டிச் செய்து பார்த்தவர்களுக்கு ஏர்ஃபிக்ஸ் என்ற பெயர் புதிதல்ல. அந்தப் பெயரைச் சூட்டிய மனிதரை நம் கல்லூரியில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது ஐயமே. வேதியியல் மாணவனாகிய எனக்கும், பாலிஸ்டைரீனைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் அவர் வரலாறு கிடைத்தது. நிக்கோலஸ் கோவ் என்பது அவர் பெயர்.

ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டுச் சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கிருந்து தப்பி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தால் நம்புவது கடினமாகத்தான் இருக்கிறது. வந்த பிறகும் நிம்மதி இல்லை. அரசியல் புயலில் தாய்நாட்டை விட்டு வெளியேறி, ஸ்பெயினிலும் பின்னர் இத்தாலியிலும் தொழில் செய்தார். அங்கே உள்நாட்டுப் போர், இங்கே முசோலினி. கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

1939-ல் லண்டனில் தொடங்கியதுதான் ஏர்ஃபிக்ஸ். விமானத்துக்கும் அந்தப் பெயருக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது. காற்றடைத்த ரப்பர் பொம்மைகளை விற்றார். அதனால் அந்தப் பெயர். வணிக விவரப் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே வரவேண்டும் என்று ஆங்கில முதலெழுத்தில் தொடங்கும்படி வைத்தாராம். நம் சென்னையிலும் இதற்கு ஒரு துணைக் கதை உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து விற்கத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தை வளர்த்தார். இருவருக்கும் முதல் மூலதனம் காற்றுதான்!

போரில் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு. கோவ் பிளாஸ்டிக்கிற்கு மாறினார். போர் முடிந்ததும் ஊசி வார்ப்பு எந்திரம் வாங்கிச் சீப்புகளைச் செய்து குவித்தார். சீப்பு வியாபாரியாகவே அவர் காலம் முடிந்திருக்கலாம். 1949-ல் ஃபெர்குசன் கம்பெனி, தன் விற்பனையாளர்கள் கையில் கொடுக்க டிராக்டரின் சிறு மாதிரி வேண்டும் என்று கேட்டது. பாகங்களை ஆள் வைத்துப் பொருத்துவது பெரும் தொல்லையாயிற்று. அந்த டிராக்டரே பின்னர் பொருத்தப்படாத பாகங்களாகக் கடைக்கு வந்தது. பொருத்தும் வேலையைக் காசு கொடுத்து வாங்குகிறவனிடமே விட்டுவிடுவது! இதைவிடச் சாமர்த்தியமான வியாபாரம் உண்டா என்று தெரியவில்லை.

1952-ல் வூல்வொர்த் கடைக்காரர்களுக்காகக் கோல்டன் ஹைண்ட் என்ற பழைய பாய்மரக் கப்பலைச் செய்தார்கள். விலை இரண்டு ஷில்லிங்குக்குள் அடங்கியாக வேண்டும். அட்டைப் பெட்டிக்கு இடமில்லை. பிளாஸ்டிக் பையில் பாகங்களைப் போட்டு, மேலே மடித்த காகிதத்தில் படமும் செய்முறையும் அச்சிட்டார்கள்.

இந்தப் பாகங்கள் எப்படிப் பிறக்கின்றன? நவராத்திரியின்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் குவியும் கொலு பொம்மைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. களிமண்ணை அழுத்தி எடுத்து இரண்டையும் சேர்த்தால் செட்டியார் பொம்மை. இங்கே களிமண்ணுக்குப் பதில் பாலிஸ்டைரீன் மணிகள். அந்த அச்சுக்குப் பதில் எஃகு அச்சு. இருநூறு டிகிரிக்கு மேல் உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். குளிர்ந்த நீர் ஓடும் அச்சில் சில நொடிகளில் இறுகிவிடும். பாகங்களெல்லாம் கிளையில் காய்த்த காய்களைப் போல ஒரே சட்டத்தில் தொங்கியபடி வெளியே வரும். சுவர்கள் நேர் செங்குத்தாக இருந்தால் வராது. இட்லித் தட்டின் குழியைப் போலச் சிறிது சரிவு வேண்டும். ஒட்டுவதற்கு வரும் பசையும் உண்மையில் பசையன்று. பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம் அது. இரு ஓரங்களும் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன.

கடினமான வேலை அச்சு செய்வதுதான். அந்நாளில் வரைபடத்தைப் பார்த்துப் பெரிய அளவில் மரத்தில் மாதிரி செதுக்குவார்கள். பான்டோகிராஃப் என்ற கருவியின் ஒரு முனை அந்த மாதிரியைத் தடவிச் செல்ல, மறுமுனை அதையே சுருக்கி உலோகத்தில் கடையும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவில் ஆறடி மனிதன் ஓர் அங்குலம். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கைகள் முனைக்கு முனை பதினைந்தரை சென்டிமீட்டர் சொச்சம். அந்த அளவில் ஒரு கோடு தவறினாலும் அத்தனை பொம்மையிலும் அதே தவறு. அச்சுக்கே பெரும் பணம் போய்விடும். பிறகு வார்க்கும் ஒவ்வொன்றுக்கும் செலவு சில்லறைதான். ஆகவே விற்குமா விற்காதா என்பதை அச்சு வெட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கோவ் திணறியது இங்கேதான். ஸ்பிட்ஃபயர் செய்யலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது அச்சுச் செலவை எண்ணி அவர் தயங்கினார். இரண்டு மூன்று நாடுகளில் எல்லாவற்றையும் இழந்தவர் கையிருப்பை எஃகில் போடத் தயங்கியதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் 1953-ல் அது வெளிவந்தது. உருவம் அவ்வளவு சரியில்லை; சில ஆண்டுகளிலேயே வேறு அச்சு வெட்ட நேர்ந்தது. விற்பனையோ குறையவில்லை. போரைக் கண்ட தந்தையரும் காணாத பிள்ளைகளும் சேர்ந்து வாங்கினார்கள்.

1958-ல் கோவ் காலமானார். நிறுவனம் மேலும் வளர்ந்து, 1981-ல் நொடித்தது. அச்சுகள் மட்டும் பிழைத்துக் கடல் கடந்து பிரான்சுக்குப் போயின. பெயர் கைமாறி 2006-ல் ஹார்ன்பி நிறுவனத்திடம் சேர்ந்தது. 2010-களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில், இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறது.