பைண்டிங் கடைப் பையன்

குழந்தைகளே, ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதல்லவா? காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க வழி பிறந்த நாள் 1831 ஆகஸ்ட் 29. வழி கண்டவர் மைக்கேல் பாரடே.

1791ல் லண்டன் அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் வறுமை. 14 வயதிலேயே புத்தக பைண்டிங் கடையில் வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை எல்லாம் படித்துத் தீர்த்தார்.

1812ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, படமும் வரைந்து, தானே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். (நம் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடவே எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது!) வேலை உடனே கிடைக்கவில்லை. 1813ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு நீக்கப்பட, அந்த இடம் பாரடேவுக்கு வந்தது.

டேவி தம்பதியுடன் ஐரோப்பா சென்றபோது, டேவியின் மனைவி இவரை வேலைக்காரராகவே நடத்தினார். பின்னர், பாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராவதை எதிர்த்தவரும் டேவிதான்! ஆனாலும் 1824ல் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போது அந்த ஆகஸ்ட் 29க்கு வருவோம். இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கமும் செம்புக் கம்பியைத் தனித்தனியே சுற்றினார். ஒரு சுருளை பேட்டரியோடு இணைத்ததும், மறு சுருளோடு சேர்ந்த காந்த ஊசி துள்ளியது, உடனே அடங்கியது. இணைப்பை எடுத்ததும் மறுபடி துள்ளியது! காந்தத்தின் ஆற்றல் மாறும்போது மட்டுமே மின்சாரம் உண்டாகிறது என்பது புரிந்தது. அக்டோபரில் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் பார்த்தார். அப்போதும் ஊசி அசைந்தது. ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் வேலை செய்வது இந்த முறையில்தான்.

சிறுவர்களுக்காக ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் காலச் சொற்பொழிவுகள் 1825ல் தொடங்கின. 19 ஆண்டுகள் அவற்றை நிகழ்த்தியவர் பாரடேதான். 1867 ஆகஸ்ட் 25ல் அவர் மறைந்த பிறகும் அந்தச் சொற்பொழிவுகள் தொடர்ந்தன.