முகக்கவசம் போடச் சொன்ன பினாங்குப் பிள்ளை

ஜெலுத்தோங்கிலிருந்து கிரீன் லேன் பக்கம் போகிறவர்களுக்கு, பினாங்கு பிரீ ஸ்கூலுக்கு அருகிலுள்ள தாமான் வூ லியென் தே தெரிந்திருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது. கோவிட் காலத்தில் நாம் மாட்டிக்கொண்டு திரிந்த முகக்கவசத்தின் கதையில் அவருக்குப் பெரிய இடம் உண்டு.

1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். பிரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் குயின்ஸ் உபகாரச் சம்பளம் வென்று கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரானார். பிறகு லிவர்பூலில் ரொனால்டு ராஸிடமும் பயின்றார். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று கண்டறிந்த அதே ராஸ்தான். தோட்டங்களில் நம் முன்னோரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன காய்ச்சல் அது.

1903-இல் நாடு திரும்பி, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஆனால் அரசாங்க மருத்துவத் துறையில் உயர் பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே. கேம்பிரிட்ஜ் பட்டமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பினாங்கில் சொந்தமாக வைத்தியம் பார்த்துக்கொண்டே அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அபின் வருமானத்தில் கொழுத்தவர்களுக்கு அது பிடிக்குமா? அவருடைய மருந்தகத்தில் சிறிதளவு அபின் மருந்து இருந்ததாக வழக்குப் போட்டுக் குற்றவாளியாக்கினார்கள். 1908-இல் சீனா போனார்.

1910 டிசம்பர் கடைசியில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துக்கு அவரை அனுப்பினார்கள். கடுங்குளிர். மனிதர்கள் இரத்தமாக இருமி, இரண்டொரு நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்து, பிளேக் கிருமி நுரையீரலில் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அந்தக் காலத்தில் உடலை அறுப்பதே பெரும் பாவம். பிளேக் எலித் தெள்ளால்தான் வரும் என்று உலகமே நம்பியிருந்தபோது, இது மூச்சுக் காற்றால் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றுகிறது என்றார் இந்த 31 வயது மருத்துவர். பருத்தித் துணியும் பஞ்சும் வைத்துக் கவசம் செய்து எல்லாரையும் மாட்டச் சொன்னார்.

மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெனி அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரும் பிளேக்கால் இறந்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கவசத்தைத் தேடினார்கள்.

இன்னொரு சிக்கல் பிணங்கள். நிலம் பனியில் பாறையாக இறுகிவிட்டதால் புதைக்க முடியாமல் 2,000-க்கும் மேற்பட்ட உடல்கள் வெளியே கிடந்தன. முன்னோரை வணங்கும் சீனர்களிடம் எரிக்கச் சொல்வது லேசான காரியமா? பேரரசரின் அனுமதி வாங்கி எரித்தார். நகரைப் பிரித்து, வீடுவீடாகச் சோதித்து, ரயில் பயணத்தையும் கட்டுப்படுத்தினார். 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் சாவு நின்றது. அதற்குள் மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் போய்விட்டார்கள்.

1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு வரவில்லை. ஜப்பானியர் சீனாவைத் தாக்கியதும் 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராக உட்கார்ந்தார். ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார் என்று பெயர். பேராக் நூலகம் அமையப் பாடுபட்டவரும் அவரே. 80 வயதுவரை வைத்தியம் பார்த்துவிட்டு, ஓய்வுக்காகப் பிறந்த ஊரில் வீடு வாங்கினார். அதில் அதிக நாள் இருக்கவில்லை. 1960 ஜனவரி 21-ஆம் தேதி பினாங்கிலேயே காலமானார். பிரீ ஸ்கூலில் ஒரு விளையாட்டு இல்லத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.