அணுகுண்டுக்கு டைமர், பிறகு ஒரு டென்னிஸ் கேம்: யார் இந்த ஹிகின்பாதம்?

ஹிகின்பாதம் என்றதும் சென்னை அண்ணா சாலை புத்தகக் கடைதான் பலருக்கு ஞாபகம் வரும். இவர் வேற ஆள். அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம். எறிந்தால் வளைந்து விழுகிற, மோதினால் எகிறுகிற பந்து உங்கள் போனில் ஏதாவது ஒரு கேமில் இருந்தால், அந்தக் கேமுக்கு இவர் தாத்தா முறை.

1910 அக்டோபர் 25-ல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் பிறந்தார். 1932-ல் வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம். கார்னெலில் மேற்படிப்புக்குச் சேர்ந்தும் முனைவர் பட்டம் வாங்கவில்லை. 1941-ல் எம்ஐடிக்குப் போய் ரேடார் வேலையில் இறங்கினார். சிக்னலைத் திரையில் படமாகக் காட்டும் வித்தை அங்கேதான் கைவந்தது.

1943-ல் லாஸ் அலமோஸ். அணுகுண்டு தயாரான அதே இடம். குண்டு வெடிக்க வேண்டிய நொடியைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகளில் இவருக்குப் பங்கு உண்டு. மின்னணுப் பிரிவின் தலைவராகவும் ஆனார்.

போர் முடிந்ததும் அவர் பாதை மாறியது. அணுசக்தி ராணுவத்தின் கையில் இருக்கக் கூடாது என்று விஞ்ஞானிகள் சேர்ந்து தொடங்கிய அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பின் முதல் தலைவர் இவர்தான். 1946-ல் அணுசக்தியை சிவிலியன் ஆணையத்திடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தது. அதற்காக வாஷிங்டனில் அலைந்தவர்களில் இவரும் ஒருவர்.

அடுத்து நியூயார்க் அருகே புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களை உள்ளே விடுவார்கள். ஆனால் பார்க்க இருந்ததெல்லாம் போட்டோக்களும் அசையாத கருவிகளும்தான். செம போர்! தொட்டு விளையாடுகிற மாதிரி ஏதாவது வைத்தால் என்ன என்று யோசித்தார்.

ஆய்வகத்தில் ஒரு சின்ன அனலாக் கம்ப்யூட்டர் இருந்தது. ஏவுகணையும் துப்பாக்கிக் குண்டும் போகும் பாதை, பந்து எகிறும் விதம் இவற்றையெல்லாம் அதில் கணக்கிடுவது எப்படி என்று அதன் கையேடு சொன்னது. ஹிகின்பாதம் பந்தை எடுத்துக்கொண்டார், ஏவுகணையை விட்டுவிட்டார். சில மணி நேரத்தில் வரைபடம் ரெடி. டெக்னீஷியன் ராபர்ட் டிவோராக்குடன் சேர்ந்து கட்டி முடிக்க சுமார் மூன்று வாரம் ஆனது.

இதில் நம்பர்களே கிடையாது, மின்னழுத்தம்தான் பந்து. புவியீர்ப்புக்கு ஒரு நிலையான மின்னழுத்தம். அதை ஒரு சுற்று கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். வேகத்தை இன்னொரு சுற்று கூட்டினால் பந்து இருக்கும் உயரம் கிடைக்கும். அவ்ளோதான். காற்றின் தடையையும் சேர்த்திருந்தார். வலையில் பட்டால் பந்து திரும்பி எகிறும். 5 அங்குல ஆசிலோஸ்கோப் திரையில் பக்கவாட்டில் தெரியும் மைதானம், அதன் மேல் ஓடும் ஒரு ஒளிப்புள்ளி. கையில் ஒரு குமிழ், ஒரு பட்டன். ஸ்கோர் கிடையாது.

1958 அக்டோபரில் வைத்தார்கள். க்யூ நீண்டுகொண்டே போனது. 1959-ல் பெரிய திரை, கூடவே நிலா, வியாழன் ஈர்ப்புகள். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில், மகளிர் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு சரிவில் நின்று பந்தை அடிப்பதாக யோசிச்சுப் பாருங்க. அது வளைந்து கீழே எங்கேயோ போய் விழும். நிலாவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு என்பதால், அதே அடி கிட்டத்தட்ட ஆறு மடங்கு உயரம் போகும். வியாழனில் ஈர்ப்பு சுமார் இரண்டரை மடங்கு, எழும்பியதுமே இறங்கிவிடும். ஃபார்முலாவே தெரியாத பார்வையாளரும், எப்போது பட்டனைத் தட்டணும் என்பதை நாலு அடியில் பிடித்துக்கொள்ள முடியும். பாடமாக அறிவிக்காமலே பாடம் நடத்தியது இந்த விளையாட்டு.

பிறகு அதைப் பிரித்துப் பாகங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சுமார் 20 காப்புரிமைகள் பெற்றவர், இதற்கு மட்டும் விண்ணப்பிக்கவில்லை. பெரிய கண்டுபிடிப்பாக அவருக்குத் தோன்றவே இல்லை. விண்ணப்பித்திருந்தாலும் உரிமை அரசுக்குத்தான் போயிருக்கும். ‘பாங்’ கேம் வந்து சக்கைப்போடு போட்டது 14 வருடம் கழித்து, 1972-ல். பின்னால் வீடியோ கேம் காப்புரிமை வழக்கு ஒன்றில் சாட்சியாகத் தேடி வந்தபோதும், 1982-ல் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை எழுதியபோதும்தான் வெளியுலகம் இவரைக் கவனித்தது. முதல் வீடியோ கேம் இதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1952-லேயே கேம்பிரிட்ஜில் ஒரு கம்ப்யூட்டரில் எக்ஸ்-ஓ விளையாட்டு இருந்தது. வெறும் ஜாலிக்காகச் செய்தது என்றால் இதைச் சொல்லலாம்.

அவருக்கு அந்தப் பட்டம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அணு ஆயுதப் பரவலைத் தடுக்க உழைத்ததற்காக நினைக்கப்படவே விரும்பினார். 1994 நவம்பர் 10-ல், 84 வயதில் இறந்தார். 1997-ல் புரூக்ஹேவனின் 50-வது ஆண்டுக்காக, பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து அங்கே மறுபடி கட்டியது அந்த டென்னிஸ் கேமைத்தான்.