கம்பியின்றிக் கலம் செலுத்தியவர்

மார்க்கையன்கோட்டையில், நெல் அறுத்த வயலில், நாங்கள் பால்சா மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த சிறு விமானத்தைப் பறக்கவிட்டோம். கையிலிருந்த வானொலிக் கருவியின் குமிழை அசைத்ததும் வானத்தில் சுக்கான் திரும்பியது. மறுகணம் விமானம் வரப்பில் மோதி இறக்கை ஒடிந்தது! மூன்று வார உழைப்பு வீணாயிற்றே என்று அழுதோம். அப்போதுதான் இவ்வித்தைக்கு வித்திட்ட நிக்கோலா டெஸ்லாவின் வரலாற்றைப் படித்தோம்.

டெஸ்லா 1856 ஜூலை 10 அன்று, இன்றைய குரோவேஷியாவிலுள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மரபுவழித் திருச்சபைக் குரு. தாய் பள்ளி செல்லாதவர். ஆயினும் வீட்டுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்தவர். 1884-இல் அமெரிக்கா சென்ற டெஸ்லா, மாறுதிசை மின்னோட்ட மோட்டாரால் புகழ் பெற்றார்.

1895 மார்ச் 13 அன்று அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையானது. கருவிகளும் குறிப்புகளும் சாம்பலாயின. அவர் மனம் கலங்கினார். ஆனால் மீண்டும் தொடங்கினார். 1898-இல் நியூயார்க் நகரில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகை வானொலி அலைகளால் செலுத்திக் காட்டினார். சுக்கான் திரும்பியது, விளக்குகள் எரிந்து அணைந்தன. மந்திரமோ என்று மக்கள் வியந்தனர். அவ்வாண்டே காப்புரிமையும் பெற்றார்.

செல்வம் சேர்க்காத அம்மேதை, 1943 ஜனவரி 7 அன்று விடுதி அறையொன்றில் தனிமையில் காலமானார். அவர் காட்டிய வழியோ உலகெங்கும் பரவியது.

நாங்களும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பசையை எடுத்தோம். ஒட்டிய இறக்கையுடன் எங்கள் விமானம் மீண்டும் பறந்தது.