நீனா சிமோன்: மறுக்கப்பட்ட தெரிவு

பந்தலூர்த் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளரும் தலித் சிறுமி பியானோ கற்க விரும்பினால், செவ்வியல் இசையா வெகுசன இசையா என்ற கேள்விக்கு முன்னரே, எந்த வாயில் தனக்குத் திறக்கும் என்ற கேள்வி எழும். அக்கேள்வியோடு வாழ்ந்து மறைந்தவர் நீனா சிமோன்.

1933இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ப்ளூ ரிட்ஜ் எனும் அந்நாட்டு நீலமலையின் அடிவாரத்து ட்ரையன் ஊரில், கறுப்பினக் குடும்பத்தில் யூனிஸ் வேமனாகப் பிறந்தார். தேவாலயத்தில் பியானோ வாசித்த சிறுமிக்கு ஆசிரியை ஒருவர் பாக்கின் செவ்வியல் இசையைக் கற்பித்தார். ஊரார் நிதி திரட்டினர். இளம்வயதுக் கச்சேரியொன்றில், வெள்ளையருக்கு இடம்விடுமாறு பெற்றோர் முன்வரிசையிலிருந்து எழுப்பப்பட்டனர். அவர்கள் மீண்டும் அங்கே அமரும்வரை வாசிக்க மறுத்தார்.

1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகம் அவரைச் சேர்க்க மறுத்தது. நிறமே காரணம் என இறுதிவரை நம்பினார். 1954இல் பிழைப்புக்காக அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடமொன்றில் வாசித்தார், பாடவும் வேண்டியிருந்தது. தாய் அறியாதிருக்கப் பெயரை மாற்றிக்கொண்டார். ஆயினும் பாக்கைக் கைவிடவில்லை. வெகுசனப் பாடல்களுக்குள் அந்த இசைப்பின்னலை இழைத்தார். 1963இல் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமியர் கொல்லப்பட்டபின், அவரது இசை விடுதலைப் போரின் குரலாயிற்று.

2003 ஏப்ரல் 21இல் பிரான்சில் காலமானார். அதற்கு இரு நாள்களுக்கு முன்னர்தான் கர்ட்டிஸ் மதிப்புறு பட்டம் அளித்தது.

அவர் பெற்ற புகழைக் காட்டி அந்த மறுப்பை நியாயப்படுத்தலாகாது. இரு வாயில்களும் திறந்திருந்தால்தான் அது தெரிவு. ஒன்று அடைபட்டிருந்தால் அது விதிப்பு.