நெஞ்சோடு ஒரு நற்செய்தி நூல்

அக்டோபர் 1-ஆம் நாள் வந்தால், ரோசா மலர்களைக் கையில் ஏந்திய அந்த இளம் துறவியின் சுரூபத்துக்கு நம் பங்குகளில் மாலை அணிவிக்கின்றோம். குழந்தை தெரேசா, சிறுமலர் தெரேசா என்று அன்போடு அழைக்கின்றோம். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றோம். ஆனால் அச்சுரூபத்தில் சிற்பிகள் காட்டாமல் விட்டுவிட்ட பொருள் ஒன்று உண்டு. துறவாடைக்குள், நெஞ்சுக்கு அருகில், இரவும் பகலும் அவர் வைத்திருந்த சிறிய நற்செய்தி நூல்தான் அது. ரோசா மலர்களைவிட அந்த நூலே தெரேசாவை நமக்குச் சரியாக அறிமுகப்படுத்தும் என்பது நம் எண்ணம்.

1873-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் அவர் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். தாய் செலி சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். இந்தப் பெற்றோர் இருவரும் 2015-இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். தெரேசாவுக்கு நான்கரை வயது இருக்கும்போது தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். குடும்பம் லிசியு நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்த வீட்டில் மாலை நேரத்தில் திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூல் ஒன்றைச் சத்தமாக வாசிப்பார்கள். பிறகு தந்தை பாடுவார், கவிதை சொல்லுவார். அதன்பின் குடும்பச் செபம். இறைவார்த்தை அச்சிறுமியின் காதில் முதலில் விழுந்தது இப்படித்தான். அந்நாள்களில் தெரேசாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறை நாளில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் போய், திரையை இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அங்கே என்ன செய்கிறாய் என்று ஆசிரியை கேட்டால், கடவுளையும் வாழ்வையும் நிலைவாழ்வையும் பற்றி நினைக்கிறேன் என்பார். தாம் செய்வது செபம் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர அவர் பட்ட பாடு பலரும் அறிந்ததே. பங்குத்தந்தை மறுத்தார், ஆயர் தயங்கினார். 1887 நவம்பரில் உரோமையில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் காலடியில் மண்டியிட்டே கேட்டுவிட்டார். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் மடத்துக் கதவு திறந்தது.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட இந்தப் பெண்ணின் கையில் முழு விவிலியம் இருந்ததில்லை. பழைய ஏற்பாடு முழுவதையும் இளம் துறவியரிடம் கொடுக்கும் வழக்கம் அன்றைய மடங்களில் இல்லை. நாளும் பாடிய திருப்பாடல்கள் இலத்தீன் மொழியில் இருந்தன. அவரோ இலத்தீன் படித்தவர் அல்லர். நற்செய்தி நூல், திருப்பலியின் வாசகங்கள், ஆன்மீக நூல்களில் ஆங்காங்கே வரும் மேற்கோள்கள், இவைதாம் அவருக்குக் கிடைத்தவை. 1995-இல் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகு நம் இல்லங்களில் திருவிவிலியம் தாராளமாகவே இருக்கிறது. திருமணத்தில் பரிசாக வந்த ஒன்று, பிள்ளையின் மறைக்கல்விக்கு வாங்கிய ஒன்று. அவற்றின் தாள்கள் பெரும்பாலும் புத்தம் புதிதாகவே இருக்கின்றன என்பதை வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் கவனிப்பதுண்டு.

மடத்தில் சேர்ந்த மறு ஆண்டே பேரிடி விழுந்தது. அன்புத் தந்தையின் அறிவு தடுமாறத் தொடங்கியது. 1889 பிப்ரவரி 12-ஆம் நாள் அவரைக் கான் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். செல்ல மகள் மடத்துக்குப் போனதால்தான் மனிதருக்கு இப்படி ஆயிற்று என்று ஊரில் பேசினார்கள். அது மடத்துச் சுவரைத் தாண்டியும் வந்து சேர்ந்தது. அடைபட்ட மடம். போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அந்த வேளையில் தெரேசா பற்றிக்கொண்டது இறைவாக்கினர் எசாயாவின் நூலில் 53-ஆம் அதிகாரம். அழகும் தோற்றமும் இழந்து, மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு ஆளான துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதி. அதில் அவர் இயேசுவின் திருமுகத்தைக் கண்டார். அதே முகத்தில் தம் தந்தையின் முகத்தையும் கண்டார். ஊர் வெட்கப்பட்ட அந்த முகம் அவருக்கு வெட்கமாகத் தெரியவில்லை. 1890-இல் எசாயாவின் வரிகளைத் தம் கையால் எழுதி, வெளியே தந்தையைக் கவனித்துக்கொண்டிருந்த அக்காள் செலினுக்கு அனுப்பினார். கடிதத்தில் ஆறுதல் வார்த்தைகளை அடுக்குவதைவிட அதுவே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குழந்தை இயேசுவின் தெரேசா என்ற பெயரோடு திருமுகத்தின் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டது இந்தக் காலத்தில்தான்.

இப்படியெல்லாம் சொல்வதால் அவருடைய செபம் எப்போதும் உருக்கமாக இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. ஏழு ஆண்டுகள் தியான நேரத்திலும் நற்கருணைக்குப் பின் நன்றி செலுத்தும் நேரத்திலும் அவர் தூங்கி வழிந்தார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்காகப் பெரிதாக வருந்தவும் இல்லை. தூங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கத்தானே செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். (நம் மறையுரையின்போது கண்ணயரும் அன்பர்கள் இதைக் கேட்டு மகிழ்வார்கள். மகிழட்டும்.) மனம் வறண்டு ஒன்றுமே ஓடாதபோது, விண்ணுலகத் தந்தையை நோக்கிய செபத்தை ஒவ்வொரு சொல்லாக மிக மெதுவாகச் சொல்லுவார். அதுவும் இயேசு நற்செய்தியில் கற்றுத் தந்ததுதானே. நாள் செல்லச் செல்ல, வேறு நூல்கள் அவருக்குச் சுவைக்கவில்லை. நற்செய்தி ஒன்றே போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

1894 சூலையில் தந்தை காலமானார். செப்டம்பரில் செலினும் அதே மடத்தில் சேர்ந்தார். வரும்போது ஒரு குறிப்பேட்டைக் கொண்டு வந்தார். பழைய ஏற்பாட்டிலிருந்து தமக்குப் பிடித்த பகுதிகளை அதில் எழுதி வைத்திருந்தார். தெரேசாவுக்கு அது புதையலாயிற்று.

அப்போது அவர் மனத்தில் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. புனிதர்கள் மலைபோல் உயர்ந்து நிற்கிறார்கள், நாமோ காலில் மிதிபடும் மணல் போல் இருக்கிறோம், எப்படி ஏறுவது? பணக்காரர் வீடுகளில் மாடிப்படிக்குப் பதிலாக மின்தூக்கி வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இயேசுவிடம் என்னைத் தூக்கிச் செல்ல அப்படி ஒன்று கிடைக்காதா என்று அந்தக் குறிப்பேட்டில் தேடினார். நீதிமொழிகள் 9-ஆம் அதிகாரத்தில், மிகச் சிறியவராய் இருப்பவரை ஞானம் தன்னிடம் அழைப்பதைக் கண்டார். வந்த சிறியவருக்கு என்ன கிடைக்கும் என்று மேலும் தேடினார். எசாயா 66-ஆம் அதிகாரத்தில், தாய் குழந்தையைத் தூக்கிச் சுமந்து மடியில் வைத்துத் தாலாட்டுவதுபோல் கடவுள் தம் மக்களைத் தேற்றுவதைக் கண்டார். அவர் தேடிய மின்தூக்கி கிடைத்துவிட்டது. இயேசுவின் கரங்களே அது. ஏறுவதற்கு வளர வேண்டியதில்லை. இன்னும் சிறியவராக வேண்டும், அவ்வளவுதான். உலகமே போற்றும் அவருடைய சிறுவழி, ஒரு குறிப்பேட்டின் இரண்டு துண்டு வரிகளிலிருந்து பிறந்தது.

நீதிமொழிகளின் அந்த இடத்தை நம் விவிலியத்தில் எடுத்துப் பார்ப்பவர்கள் சற்றுத் திகைக்கக் கூடும். எபிரேய மூலத்தில் அந்தச் சொல் அனுபவமற்ற, பேதைமையுள்ள மனிதரைக் குறிக்கிறது. நம் மொழிபெயர்ப்பும் அதையே பின்பற்றுகிறது. சிறியவர் என்பது வுல்காத்தா எனப்படும் இலத்தீன் மொழிபெயர்ப்பு தந்த சொல். தெரேசாவிடம் வந்து சேர்ந்தது அந்த வடிவம்தான். மொழிபெயர்ப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதை அவரும் கவனித்திருந்தார், வருந்தினார். தாம் குருவாக இருந்திருந்தால் எபிரேயமும் கிரேக்கமும் கற்றிருப்பேன் என்று உடனிருந்தவர்களிடம் சொன்னார். எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கப்பட்ட குருமட வகுப்புகளில் அமர்ந்து, தேர்வுக்குப் பின் மறந்துவிட்ட நமக்கு இது தைக்கிறது.

1896-ஆம் ஆண்டு புனித வாரத்தில் காசநோயின் முதல் இரத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. சில நாள்களில், பாஸ்கா காலத்திலேயே, அவருடைய நம்பிக்கையின்மீதும் இருள் கவிந்தது. விண்ணகம் என்ற ஒன்று இல்லவே இல்லை என்று உள்ளே ஒரு குரல் ஏளனம் செய்தது. இறக்கும்வரை அது முற்றிலும் விலகவில்லை. அவர் வாதாடவில்லை. நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி, நெஞ்சோடு சுமந்த நற்செய்தி நூலுடன் வைத்துக்கொண்டார்.

அந்த இருளில் இருந்துகொண்டுதான், அதே ஆண்டு, புனித பவுலின் திருமுகங்களை அவர் திறந்தார். ஒரே வாழ்வு அவருக்குப் போதவில்லை. குருவாக, மறைப்பணியாளராக, மறைச்சாட்சியாக, எல்லாமாகவும் இருக்க ஆசை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. உடலில் உறுப்புகள் பல, எல்லாரும் எல்லாமாக இருக்க முடியாது என்று பவுல் அங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் மனம் அமைதியடையவில்லை.

நம்மில் சிலர் செபக்கூட்டத்தில் கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பலனாக எடுத்துக்கொள்கின்றோம். பிடிக்காத வசனம் வந்தால் மீண்டும் ஒருமுறை திறக்கின்றோம். தெரேசாவும் சில வேளைகளில் நூலை அப்படித் திறந்தவர்தான். ஆனால் திருப்தி தராத பக்கத்தை மூடிவிட்டு வேறு பக்கம் தேடவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்தார். வெறுமையான கல்லறையை விட்டுப் போகாமல் குனிந்து குனிந்து பார்த்த மகதலா மரியாவைப்போல் என்று அவரே ஒப்பிடுகிறார். அடுத்த அதிகாரத்தில் அன்பைப் பற்றிய பகுதி வந்தது. திருச்சபை ஓர் உடல் என்றால் அதற்கு ஓர் இதயம் இருக்க வேண்டும், அந்த இதயத்தில் தாம் அன்பாக இருந்தால் எல்லாமாகவும் இருக்கலாம் என்று கண்டுகொண்டார். மடத்தின் வாசலைத் தாண்டாத அவரைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

அன்பு என்றதும் அவருக்கு நினைவு வந்தது உலகம் முழுவதும் அல்ல, பக்கத்து இருக்கைச் சகோதரிதான். எதைச் செய்தாலும் தெரேசாவுக்கு எரிச்சல் மூட்டிய துறவி ஒருவர் மடத்தில் இருந்தார். அவரைச் சந்திக்கும்போதெல்லாம் தெரேசா மிக இனிமையாகப் புன்னகைப்பார். முடியாதபோது அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுவார். தன்னிடம் எது உன்னை இவ்வளவு ஈர்க்கிறது என்று அந்தச் சகோதரியே ஒருநாள் கேட்டுவிட்டார்! துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் அழுக்கு நீரை முகத்தில் தெறிக்கவிட்டபோதும் விலகாமல் நின்றார். விருந்துக்கு ஏழைகளை அழையுங்கள் என்று இயேசு சொன்னதை வாசித்து, யாரும் நெருங்க விரும்பாத சகோதரிகளின் அருகில் பொழுதுபோக்கு நேரத்தில் போய் உட்கார்ந்தார். நற்செய்தியை அவர் செபித்தது சிற்றாலயத்தில் மட்டும் அல்ல.

1897 சூன், சூலை மாதங்களில், மடத்துத் தலைவி பணித்தபடி, இவற்றையெல்லாம் எழுதினார். இயேசு இறுதி இரவில் தந்தையிடம் வேண்டிய வார்த்தைகளை, யோவான் 17-ஆம் அதிகாரத்தை, தமக்கு உரியவர்களுக்காகத் தம் வேண்டுதலாகவே ஆக்கிக்கொண்டார். கை தளர்ந்து பேனாவைப் பிடிக்க முடியாமல் போகவே, கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். ஆலயத்தின் பின்புறம் நின்ற வரிதண்டுபவரும் மகதலா மரியாவும் அந்தப் பக்கங்களில் வருகிறார்கள். பரிசேயரின் முன் இருக்கை தமக்கு வேண்டாம் என்று அவர்களோடு போய் நின்றுகொள்கிறார். எழுத்து அத்துடன் நின்றுவிடுகிறது.

1897 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை அவர் இறந்தபோது வயது 24. அன்று புனித ஜெரோமின் திருநாள். நீதிமொழிகள் நூலை எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தில் சிறியவர் என்ற சொல்லை எழுதியவர் அவரே.