மூதறிஞர் இராஜாஜியும் ஆட்சியின் எல்லையும்



சென்ற கோடை விடுமுறையில் தருமபுரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். என் தந்தையார் அங்குச் சிறியதொரு மாவு மில் நடத்துகிறார். அதில் புதிதாக ஓர் எந்திரம் வைப்பதற்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஓர் அலுவலகத்திற்குப் பதினொரு முறை நடந்திருந்தார். பன்னிரண்டாம் முறை நானும் உடன் சென்றேன். விண்ணப்பத்தில் குறை ஒன்றும் இல்லை. அதை எடுத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. தேர்தல் காலத்தில் எங்கள் வாசலில் வந்து கைகூப்பி நின்ற மக்கள் பிரதிநிதியின் வீட்டுக்கும் போனோம். அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுந்த பேச்சு எங்கெங்கோ சுற்றி இராஜாஜியிடம் வந்து நின்றது. என் தாத்தாமார் இருவரும் அன்று வீட்டில் இருந்தனர். அம்மாவைப் பெற்ற தாத்தா சேலத்தில் அரிசிக் கடை வைத்திருந்தவர். இந்தக் கொடுமையை அந்தக் காலத்திலேயே கண்டு சொன்ன ஒரே மனிதர் இராஜாஜிதான் என்றார் அவர். அப்பாவைப் பெற்ற தாத்தா மண்பாண்டத் தொழிலாளி. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒரே மனிதர் ஒருவர்க்கு வழிகாட்டியாகவும் மற்றவர்க்கு ஆறாத புண்ணாகவும் இருப்பது எவ்வாறு? இந்தக் கேள்வியோடு பெங்களூர் திரும்பினேன். அறிவியல் மாணவனாகிய நான், பாடநூல்களை ஒதுக்கி வைத்துவிட்டு இராஜாஜியின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததில் கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முனிசீப். ஆகவே, அரசாங்கம் என்பது தொலைவிலிருந்து வரும் ஒன்றாக அவருக்குத் தோன்றியிராது; அது அவர் வீட்டிலேயே இருந்தது. ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்ததும், நம்மில் பலரைப் போலவே அவரும் படிப்புக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்தார். சென்ட்ரல் கல்லூரியில் பயின்று 1894-இல் பட்டம் பெற்றார். இன்றும் அக்கல்லூரியின் மணிக்கூண்டைக் கடந்து பேருந்தில் செல்லும்போதெல்லாம், ஓசூர்ச் சாலை வழியே வந்த அந்த மெலிந்த சிறுவனை நினைத்துக்கொள்கிறேன்.

பின்னர்ச் சென்னையில் சட்டம் பயின்றார். 1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். நம்போன்ற அறிவியல் மாணவர் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. 1916-இல், அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே சேலத்தில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவருள் இவரும் ஒருவர். வேதியியலைத் தமிழில் எளிதாக விளக்கத் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலையும் பிற்காலத்தில் எழுதினார். 1917 முதல் இரண்டாண்டுகள் சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார்.

1919-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்து அவர் இல்லத்தில் தங்கினார். அதன்பின் வழக்கறிஞர் தொழில் போயிற்று, வருமானம் போயிற்று, சிறை வந்தது. 1921-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்ற அவர் அங்கு நாட்குறிப்பு எழுதினார். 1922 ஜனவரியில் அதில் அவர் எழுதிய ஒரு குறிப்பு என்னைத் திடுக்கிட வைத்தது. சுயராஜ்யம் வந்தவுடன் நல்லாட்சியும் மக்களுக்கு இன்பமும் வந்துவிடா என்கிறார். தேர்தல்களும் அவற்றோடு வரும் ஊழலும், அதிகாரத்தின் அநீதியும், செல்வத்தின் கொடுமையும், நிருவாகத்தின் திறமையின்மையும் மக்களின் வாழ்வை நரகமாக்கும் என்று அஞ்சுகிறார். சுயராஜ்யம் வர இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன. அதற்காகவே சிறையில் கிடந்தவர் இதை எழுதினார். எழுதியபின் போராட்டத்தை விட்டுவிட்டாரா? இல்லை. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை தொண்டர்களோடு நடந்து சென்று உப்பு எடுத்து மீண்டும் சிறை புகுந்தார்.

இனி, அவர் ஆட்சியில் அமர்ந்த கதை. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். மிகச் சுறுசுறுப்பான அரசு அவருடையது. அவ்வாண்டே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை விதித்தார். 1938-இல் உழவர்களின் கடன் சுமையைச் சட்டத்தால் குறைத்தார். கோயில் நுழைவுக்கு 1939-இல் சட்டப் பாதுகாப்புத் தந்தார். பிற்காலத்தில் அரசின் கை நீளலாகாது என்று முழங்கியவரின் கை அன்று எவ்வளவு நீண்டது பாருங்கள்! அது நீண்ட இடங்களிற் பல நல்ல இடங்கள்தாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆயின், 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாடு கொதித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். பெரியாரும் சிறைப்பட்டார். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைக் கைதிகளாகவே உயிர் நீத்தனர். காங்கிரசுக்காரரை ஒடுக்க வெள்ளையர் கையாண்ட அதே கிரிமினல் சட்டத் திருத்தத்தைத் தமிழுக்காகப் போராடியவர்கள்மீது ஏவினார் இராஜாஜி. தம் நோக்கம் நல்லது என்று உறுதியாக நம்பியவரே இதைச் செய்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1939 அக்டோபரில் அவர் அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் அக்கட்டாயத்தை நீக்கினார்.

விடுதலைக்குப்பின் மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர்-ஜெனரல் என்று உயர்ந்தார். சர்தார் பட்டேல் மறைந்ததும் உள்துறை அமைச்சர் ஆனார். 1951-இல், விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவையும், பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் அவரே.

1952-இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. ஆட்சியமைக்க இராஜாஜியை அழைத்தனர். அவர் மக்களிடம் வாக்குக் கேட்டு வரவில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். அந்த வழியே முதலமைச்சர் ஆனார். வாக்காளரைச் சந்திக்காமல் ஆட்சிக்கு வருவது முறையா என்று அன்றே பலர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது.

பதவியேற்ற இரண்டு மாதங்களில், போர்க்காலந்தொட்டு நடந்துவந்த உணவுக் கட்டுப்பாட்டை அவர் நீக்கினார். என் சேலத்துத் தாத்தாவின் நன்றி இங்கேதான் தொடங்குகிறது. அவருடைய தந்தையார் அந்நாளில் நெல் மூட்டை ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுபோவதற்கும் பெர்மிட் தேடி அலைந்தவராம். கட்டுப்பாடு போனால் பஞ்சம் வரும் என்று அதிகாரிகள் அஞ்சினர். அவர்கள் அஞ்சிய பஞ்சம் வரவில்லை. கடைகளில் அரிசி வந்தது. உழவனையும் வணிகனையும் நம்பிய அரசு ஒன்று உண்டென்றால் அதுதான் என்று இன்றும் எங்கள் குடும்பத்தில் பேசிக்கொள்வார்கள்.

அதே அரசு அடுத்த ஆண்டில் செய்ததைத்தான் என் மற்றொரு தாத்தா மறக்கவில்லை. 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் வந்தது. பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே. எஞ்சிய நேரத்தில் பிள்ளை வீட்டிலிருந்து தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது இராஜாஜியின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் சாதி இருப்பதை அவர் காணவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. அப்பெயர் நிலைத்தும் விட்டது.

அப்போது என் தாத்தாவுக்கு எட்டு வயது. மதியம் பள்ளியைவிட்டு வந்ததும் அவர் தந்தையார் களிமண்ணைப் பிசையச் சொன்னார். நகரத்துப் பிள்ளைகளுக்கு மதியத்திலும் பள்ளி நடந்தது. இவருக்கு மதியத்தில் மண். அடுத்த ஆண்டு திட்டம் போய்விட்டது. ஆனால் திருகையில் பழகிவிட்ட கையை வீட்டார் விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. போன மதியங்கள் போனவைதாம் என்று அவர் ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாநிலம் முழுவதும் எதிர்ப்பு மூண்டது. சட்டசபையிலும் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. சொந்தக் கட்சியாரே முகம் திருப்பினர். 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகினார். காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது. அந்தப் பள்ளிகளின் வழிவந்த ஒன்றில்தான் என் தந்தையார் படித்தார். ஆகவே, அரசு எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றாலே போதும் என்று என்னால் சொல்ல இயலாது. ஒதுங்கி நின்றிருந்தால் நான் இன்று ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்க மாட்டேன்.

இராஜாஜி பதவி இழந்த அதே 1954-இல்தான் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்ற மூவர் இராஜாஜி, இராதாகிருஷ்ணன், நம் பெங்களூரில் வாழ்ந்த சர் சி. வி. இராமன் ஆகியோர். விருதும் பெற்றாயிற்று, வயதும் எழுபத்தைந்தாயிற்று. இனி ஓய்வுதான் என்று நாடு எண்ணியது. அவர் எண்ணவில்லை.

தொழில் தொடங்க லைசென்ஸ், பொருள் தருவிக்கப் பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்று நாடு கட்டுண்டு கிடந்த காலம் அது. இதற்குப் பெர்மிட்-லைசென்ஸ் ராஜ் என்று அவர் பெயர் வைத்தார். அனுமதி கொடுக்கும் அதிகாரம் எங்கே குவிகிறதோ, அங்கே பணம் சென்று சேரும். அந்தப் பணம் தேர்தலுக்குப் போகும். தேர்தலில் வென்றவர் மீண்டும் அனுமதி கொடுப்பார். இந்தச் சக்கரத்தை அவர் வாரந்தோறும் எழுதி எழுதி விளக்கினார். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரசு கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. உழவனின் நிலமும் இனி அவன் கையில் நிற்குமா என்ற அச்சம் பரவியது. அவ்வாண்டு, எண்பதாம் வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். என். ஜி. ரங்கா, மினு மசானி, கே. எம். முன்ஷி ஆகியோர் உடன் நின்றனர்.

ஜமீன்தார்களும் மன்னர்களும் ஆலை முதலாளிகளும் அக்கட்சியில் புகுந்தனர். பணக்காரர் கட்சி என்று மற்றவர்கள் ஏசினர். அந்த ஏச்சு முழுப் பொய்யன்று. எனினும் கட்சி வளர்ந்தது. 1962-இல் மக்களவையில் 18 இடங்களைப் பெற்றது. 1967-இல் 44 இடங்களைப் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சி ஆயிற்று. இந்தித் திணிப்பைப் பற்றிய தம் கருத்தையும் அதற்குள் அவர் மாற்றிக்கொண்டிருந்தார். 1938-இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர், இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை முன்னின்று எதிர்த்தார். 1967-இல் தம்மைக் காலமெல்லாம் எதிர்த்த தி.மு.க.வோடு கைகோத்தார். அத்தேர்தலில் தி.மு.க. 137 இடங்களில் வென்று ஆட்சியைப் பிடித்தது.

1971-இல் அந்த அரசே மதுவிலக்கைத் தள்ளிவைக்க முனைந்தது. தொண்ணூற்றிரண்டு வயதில் அவர் முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிச் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்றவர், குடியில் மட்டும் அரசு தலையிட வேண்டும் என்று இறுதிவரை நம்பினார். இந்த முரண்பாட்டை அவரோடு சேர்த்துத்தான் நாம் ஏற்க வேண்டும்.

1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். 1974-இல் அவர் கட்சியும் கலைந்து வேறு கட்சியில் கரைந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. அதை நீக்கியது அவர் எதிர்த்த அதே காங்கிரசுக் கட்சியின் அரசு.

தோழர்களே, என் தாத்தாமார் இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி என்றே எனக்குப் படுகிறது. நெல் மூட்டையைத் தூக்கப் பெர்மிட் கேட்டு நின்ற வணிகரின் துன்பமும், மதியப் பள்ளியை இழந்த எட்டு வயதுச் சிறுவனின் துன்பமும் வேறு வேறு அல்ல. இருவரையும் கேளாமலே, இருவருடைய நன்மையையும் வேறொருவர் முடிவு செய்தார். முன்னதை இராஜாஜி கண்டார். தாம் செய்த பின்னதைக் காணவில்லை. அதிகாரத்தில் இருப்பவருக்குப் பிறருடைய அத்துமீறல் தெரியும். தம்முடையது தொண்டாகவே தோன்றும். அவரைப்போன்ற அறிவும் நேர்மையும் எளிமையும் உடையவருக்கே இந்நிலை என்றால், மற்றவரைப்பற்றிச் சொல்ல வேண்டுமா?

வேலூர்ச் சிறையில் அவர் அஞ்சியது, தீயவர் ஆட்சிக்கு வருவார் என்பதை மட்டும் அன்று. தம்போன்றவரும் அந்த நாற்காலியில் மாறிவிடக்கூடும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நம்மில் சிலர் நாளை அலுவலகங்களில் அமர்வோம். ஓரிருவர் தேர்தலிலும் நிற்கலாம். நம் மேசைக்கு ஒரு மாவு மில்காரரின் தாள் வரும். அதைப் பன்னிரண்டாம் முறை வரவைக்காதிருப்போம். என் தந்தையாரின் சான்றிதழ் இன்னும் வரவில்லை. பதின்மூன்றாம் முறை செல்ல, வரும் பொங்கல் விடுமுறையில் நான் ஊருக்குப் போகிறேன்.